மே மாச கூட்டத்துல இல்ல, நிதானமா ஒரு தடவ நீலகிரிக்கு போயிட்டு வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெய்ய காலம் வந்தாலே நம்ம பேப்பர்ல வருஷா வருஷம் ரெண்டு செய்தி தவறாம வருதுங்க. ஒண்ணு ஈரோட்டுல வெயில் 100 டிகிரிய தாண்டிருச்சுன்னு, இன்னொண்ணு ஊட்டி ரோட்டுல வண்டிங்க வரிசையா நிக்குதுன்னு. இந்த ரெண்டையும் படிச்சு படிச்சு எங்க கோபி பக்கம் நிறைய பேரு ஒரு முடிவுக்கே வந்துட்டாங்க, மலைக்கு போறது காசு தண்டம், போனா டிராபிக்ல நிக்கணும், ரூம் வாடகை ஏறிக் கெடக்குது, இப்ப இ-பாஸ் வேற எடுக்கணும், அதுக்கு பேசாம வீட்டுல ஏசிய போட்டுட்டு படுத்துக்கலாம்னு. இத கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசுக்கு ரொம்ப சங்கடமா இருக்குதுங்க. மலைக்கு போயி ஒரு நாலஞ்சு நாள் இருந்துட்டு வர்றதுங்கறது பணக்காரங்க பொழுதுபோக்கு கிடையாது, நம்மள மாதிரி சமவெளியில வெயில்லயும் தறிச் சத்தத்துலயும் வருஷம் பூரா கெடக்கறவங்களுக்குத்தான் அது முதல்ல வேணும். அத சொல்லத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த இ-பாஸ் விஷயத்த பேசி முடிச்சிடலாம். சென்னை ஐகோர்ட் உத்தரவு போட்டு 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி போகணும்னா இ-பாஸ் வேணும்னு ஆச்சு, 2025 சீசன்ல ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுல 8,000 வண்டிதான்னு ஒரு வரம்பும் வெச்சாங்க. இத ஏதோ நம்மள மலைக்கு வராதீங்கன்னு சொல்ற மாதிரி நிறைய பேரு எடுத்துக்கறாங்க. அப்படி இல்லைங்க. அது வண்டிக்கு, அதுலயும் சொந்தக் கார் வாடகைக் கார்ல போறவங்களுக்கு. அரசு பஸ்லயோ ரயில்லயோ போனா இ-பாஸ்ங்கற பேச்சே இல்ல. கார்ல போறதா இருந்தாலும் ஆன்லைன்ல பேரு வண்டி நம்பர் போட்டா வந்துரும். அந்த குறுகலான ரோட்டுல எத்தன வண்டிதான் ஏற முடியும், நாமளே யோசிச்சு பாக்கணும் இல்லீங்களா.

சரி, எதுக்கு போகணும்? குளிருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நானும் அதத்தான் முதல்ல சொல்லுவேன், ஏன்னா அத சாதாரணமா நெனச்சிடக் கூடாது. 1,000 மீட்டர் மேல ஏறினா சுமாரா ஆறு டிகிரி குறையும்னு கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல, அப்ப கீழ 38 டிகிரி கொதிக்கற அன்னைக்கு மேல 25ஐ ஒட்டி இருக்கும். ரெண்டு மணி நேர சொச்சம் பஸ்ல இந்த வித்தியாசம் கெடைக்குது. ராத்திரி ஃபேன் இல்லாம, கொசு இல்லாம, போர்வைய இழுத்து மூடிட்டு தூங்கறதுங்கறது மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் நல்லா தூங்காத உடம்புக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு ரெண்டாவது நாள் காலைல எந்திரிக்கும்போதுதான் தெரியும். எங்க வீட்டுல வயசானவங்க, கீழ இருக்கும்போது காலைல எந்திரிச்சதும் சலிச்சுக்கறவங்க, கோத்தகிரியில தானா எந்திரிச்சு காபி குடிச்சிட்டு ரோட்டுல நடக்க கெளம்பிட்டாங்க, முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. மலைக்காத்து நோய தீக்கும்னெல்லாம் நான் சொல்ல வரல, நல்ல தூக்கமும் வேர்க்காம நடக்கறதும் கெடைச்சா மனுசன் முகமே மாறிடுது, அவ்வளவுதான்.

ஆனா எங்க பக்கத்து ஆளுங்க போக வேண்டிய காரணம் இத விட பெருசு ஒண்ணு இருக்குது. நாம குடிக்கற தண்ணி, வயலுக்கு பாயற தண்ணி எங்க பொறக்குதுன்னு கண்ணால பாக்கறது. தடப்பள்ளி வாய்க்கால், அரக்கன்கோட்டை வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால்னு நம்ம பொழப்பே வாய்க்கால்ல ஓடுது. கீழ்பவானி வாய்க்கால் மட்டும் ரெண்டு லட்சம் ஏக்கருக்கு மேல பாயுது. பவானிசாகர் அணையில எத்தன அடி தண்ணின்னு நம்ம பேப்பர்ல தெனமும் பாக்கறோம், 105 அடி எப்ப தொடும்னு காத்துட்டு இருக்கோம், ஆனா அந்த அணைக்கு தண்ணி அனுப்பற மலை எப்படி இருக்கும்னு நம்ம புள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு தெரியாது. அந்த அணையில வந்து சேர்ற ரெண்டு ஆறும், பவானியும் மோயாறும், நீலகிரில இருந்துதான் வருது. பவானி மேல பொறந்து கேரளா அட்டப்பாடி பக்கம் போயி சுத்திட்டு திரும்ப நம்ம பக்கம் மேட்டுப்பாளையத்துக்கு வருது, மோயாறு முதுமலை காட்ட ஒட்டி பெரிய பள்ளத்தாக்குல எறங்கி வருது. கோத்தகிரியில இருந்து கோடநாடு காட்சிமுனைக்கு போனா, மேகம் இல்லாத நாளா இருந்தா அந்த மோயாறு பள்ளத்தாக்கும் தூரத்துல பவானிசாகர் தண்ணியும் ஒரே பார்வையில தெரியும். எங்க ஊர் பசங்கள அங்க நிக்க வெச்சு, பாரு கண்ணு, அந்த தண்ணிதான் நம்ம வயலுக்கு வருதுன்னு காட்டணும். புஸ்தகத்துல நூறு தடவ படிச்சாலும் அது இப்படி மனசுல நிக்காதுங்க.

இந்த தண்ணி எப்படி வருஷம் பூரா வருதுங்கறதுதான் இன்னும் அதிசயம். மலை உச்சியில பனி உருகறதுக்கு அங்க இமயமலை மாதிரி பனிப்பாறை எதுவும் இல்ல. அங்க இருக்கறது சோலைக்காடும் புல்வெளியும். மலை மடிப்புல, பள்ளத்துல குட்டை குட்டையா மரங்க நெருக்கமா நிக்கும், மரத்து மேல பாசி, அதுக்கு மேல பெரணி, கீழ காலு வெச்சா அமுங்கற இலைமக்கு, அதுதான் சோலை. மேட்டுல பூரா புல்லு. மழை பேஞ்சா அது சடசடன்னு ஓடிடாம அந்த மண்ணு உள்ள வாங்கிக்கிட்டு, புது மண்பானை கசியற மாதிரி மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா வெளிய விடும், அதுதான் ஓடையாகி, ஆறாகி நம்ம கிட்ட வருது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சே ஞாபகம் இருக்குதுங்களா, நம்ம ஊர்ல ஒரு வருஷம் பூரா பெய்யறதே அந்த அளவுக்குத்தான் இருக்கும், அப்பேர்ப்பட்ட மழைய தாங்கற மலை அது.

இன்னொண்ணும் சொல்லணும். ஊட்டிக்கு போறவங்க ரோட்டோரம் உயரமா நிக்கற தைல மரத்த பாத்துட்டு ஆஹா என்ன காடுன்னு போட்டோ எடுத்துட்டு வந்துடறாங்க. அந்த தைல மரமும் சீகை மரமும் வெளிநாட்டுல இருந்து வெள்ளைக்காரங்க காலத்துல விறகுக்கும் தோல் பதனிடற பட்டைக்கும் கொண்டுவந்து நட்டது, நிறைய புல்வெளிய முழுங்கினதே அதுங்கதான். உண்மையான காட்ட பாக்கணும்னா கோத்தகிரி பக்கத்துலயே லாங்வுட் சோலை இருக்குது, 116 ஹெக்டேர், 2024ல ராம்சார்ங்கற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேத்துட்டாங்க. கோத்தகிரி ஊருக்கே தண்ணி அந்த சோலையில இருந்துதான் வருதுன்னு அங்க இருக்கறவங்க பெருமையா சொல்லுவாங்க. வனத்துறை அனுமதி வாங்கிட்டு ஒரு மணி நேரம் சத்தம் போடாம அதுக்குள்ள நடந்தாலே போதும், உள்ள நுழைஞ்ச உடனே வெளிச்சமும் சூடும் மாறிடறது உடம்புக்கே தெரியும், குருவிங்க சத்தம் மட்டும் கேக்கும்.

அடுத்தது நீலகிரி மலை ரயில். இந்தியாவுல வேற எங்கயும் இல்லாத ரயில் நமக்கு இவ்வளவு பக்கத்துல ஓடுது, ஆனா டெல்லியில இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் வந்து ஏர்றாங்க, நம்ம ஆளுங்க சினிமாவுல பாத்ததோட சரி. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு காலைல 7 மணி வாக்குல கெளம்பும். 46 கிலோமீட்டர் தூரம், 16 குகை, 250 பாலம், 208 வளைவு. கல்லாறு தாண்டினதும் ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு பல்லா ஒரு கம்பி வரும், இன்ஜினுக்கு அடியில இருக்கற பல்சக்கரம் அத கவ்வி கவ்வி ஏறும், சுமாரா 12 அடி முன்னால போனா ஒரு அடி மேல ஏறுது, அவ்வளவு செங்குத்து. சாதாரண ரயில் சக்கரம் அங்க வழுக்கிடும். நீராவி இன்ஜின் முன்னாடி இழுக்காது, பின்னாடி இருந்து தள்ளும், அதனால முன்னாடி பெட்டியில இருக்கறவங்களுக்கு மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லாம மலை அப்படியே கண்ணு முன்னால விரியும். 1899ல குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908ல ஊட்டிக்கு போச்சு, 2005ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னம்னு அறிவிச்சாங்க. அந்த இன்ஜின்ல சிலது சுவிட்சர்லாந்துல இருந்து வந்தது, அப்புறம் நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்லயே புதுசா செஞ்சு ஓட்டறாங்க. மேல ஏற அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், பஸ்ல போனா அதுல பாதி கூட ஆகாது, ஆனா அந்த அஞ்சு மணி நேரமும் ஒருத்தர் கூட செல்போன பாக்க மாட்டாங்க, பாத்திருக்கேன். ஹில்குரோவ்ல நிறுத்துவாங்க, இன்ஜினுக்கு தண்ணி புடிப்பாங்க, எல்லாரும் எறங்கி டீ குடிப்பாங்க, குரங்குங்க கையில இருக்கறத புடுங்க வரும், ஜாக்கிரதையா இருக்கணும். டிக்கெட் முன்கூட்டியே போடணும், சீசன்ல கெடைக்கறது கஷ்டம், கெடைக்கலேன்னா பஸ்ல குன்னூர் போயிட்டு அங்கிருந்து ஊட்டிக்கு ஓடற ரயில்ல ஏறிக்கலாம், அது டீசல் இன்ஜின், இருந்தாலும் கேத்தி பள்ளத்தாக்கு வழியா கேரட் தோட்டத்தையும் முட்டைக்கோஸ் தோட்டத்தையும் பாத்துக்கிட்டே போகலாம்.

எப்ப போறதுங்கறதுலதான் நாம எல்லாரும் ஒரே மாதிரி பண்றோம், ஸ்கூல் லீவுன்னு மே மாசம், அதுலயும் மலர் கண்காட்சி அன்னைக்கே எல்லாரும் போயி நிக்கறோம். கண்காட்சி அழகுதான், 1848ல ஆரம்பிச்ச அரசு தாவரவியல் பூங்கா அது, நான் குறை சொல்லல. ஆனா பூவ பாக்கறத விட முன்னால நிக்கறவங்க தலைய பாக்கறதுதான் அதிகமா இருக்குது. செப்டம்பர்ல போங்க, ரெண்டாவது சீசன்னு சொல்லுவாங்க, மழை ஓஞ்சு மலை பூரா பச்சையா இருக்கும், பூங்காவுல புதுசா பூ வெச்சிருப்பாங்க, காலாண்டு பரீட்சை லீவுக்கு சரியா வரும், ஆயுத பூஜை லீவு நாள மட்டும் விட்டுட்டு முன்ன பின்ன பாத்துக்கோங்க. பொங்கல் ஒட்டி போனீங்கன்னா உறைபனி பாக்கலாம், விடியக்காலைல காந்தல், தலைகுந்தா பக்கம் புல்லு பூரா வெள்ளையா உப்பு தூவின கணக்கா இருக்கும், வெயில் ஏறினா அர மணி நேரத்துல காணாம போயிடும். நம்ம புள்ளைங்க வேற எங்க போயி இத பாக்கும்? ஸ்வெட்டர் குல்லா மட்டும் மறக்காதீங்க. ஜூலை ஆகஸ்ட்ல கூடலூர், தேவாலா பக்கம் மழை விடாம அடிக்கும், அக்டோபர் நவம்பர்ல குன்னூர் கோத்தகிரி பக்கம் மழை, மண்சரிவு வந்து ரயிலே சில நாள் நிக்கும், அந்த சமயத்துல பாத்து போகணும்.

எங்க தங்கறதுன்னு கேட்டா நான் கோத்தகிரி இல்லாட்டி குன்னூர்னுதான் சொல்லுவேன். ஊட்டியில தங்கி ஒரே நாள்ல ஏரி, ரோஸ் கார்டன், தொட்டபெட்டா, பைக்காரான்னு வேன்ல ஓடி ஓடி பாக்கறது ஓய்வே கிடையாது, திரும்பி வந்து ரெண்டு நாள் படுக்கணும். தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியிலயே உசரமான எடம், கட்டாயம் பாக்கலாம், ஆனா அத ஒரு காலைப் பொழுதுக்கு வெச்சுக்கிட்டு மத்த நேரம் சும்மா இருங்க. ஒரே ஊர்ல தங்கி, தெனமும் ஒரு பக்கம் நடந்து போயி, அங்க இருக்கற டீக்கடையில உக்காந்து வர்க்கியும் டீயும் சாப்பிட்டு, பொழுதோட மூடுபனி எறங்கறத பாத்துட்டு வீடு திரும்பறதுக்கு பேருதான் லீவு. குன்னூர்ல சிம்ஸ் பார்க்ல ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருக்கலாம், 1874ல போட்டது, ஒவ்வொரு மரமும் நிமிர்ந்து பாத்தா கழுத்து வலிக்கும். பக்கத்துலயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்குது, 1907ல இருந்து, நாய்க்கடி தடுப்பூசிக்கு நாட்டுக்கே பேர் போன எடம், புள்ளைங்களுக்கு சொல்லிக் காட்டுங்க. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்குல சல்லிவன் கட்டின பங்களா இருக்குது. கோயமுத்தூர் கலெக்டரா இருந்த அந்த ஜான் சல்லிவன் 1819ல இந்த மலைக்கு வந்தாரு, இன்னைக்கு நாம பாக்கற ஊட்டிங்கற ஊரு உருவாகறதுக்கு அவருதான் ஆரம்பம். ஆனா அவரு வந்து கண்டுபிடிச்சாருன்னு சொல்றது சரியில்லைங்க, தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் அதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே அங்க வாழ்ந்துக்கிட்டு இருந்தாங்க.

அவங்கள பத்தி ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். தோடருங்க குடியிருக்கற மந்துக்கு போயி வீட்டு வாசல்ல நின்னு கேக்காம கொள்ளாம போட்டோ எடுக்கறத நிறைய பேரு பண்றாங்க, நம்ம வீட்டு வாசல்ல யாராவது வந்து அப்படி பண்ணா விடுவோமா? அவங்க வெள்ளைத் துணியில கறுப்பும் செகப்பும் நூல வெச்சு கையால போடற எம்பிராய்டரி, புவிசார் குறியீடு வாங்கினது, அத்தன நுணுக்கம், பேரம் பேசாம ஒரு சால்வை வாங்குங்க, அதுதான் மரியாதை. அதே மாதிரிதான் டீத்தூளும். சின்ன தேயிலை விவசாயிங்க பச்சைத் தேயிலைக்கு வெலை கட்டுபடியாகலேன்னு வருஷக்கணக்கா போராடிட்டு இருக்காங்க, மஞ்சளுக்கும் கரும்புக்கும் வெலை கெடைக்காம நிக்கற நமக்கு அந்த வலி தெரியாதா என்ன. ரோட்டுக்கடையில கலர் கலரா பாக்கெட்ல இருக்கறத விட்டுட்டு, அந்த விவசாயிங்களோட கூட்டுறவு தொழிற்சாலைங்க சேந்து நடத்தற இன்ட்கோசர்வ் கடையில வாங்குங்க, நாலு பேருக்கு குடுக்கறதுக்கும் அதையே வாங்கிட்டு வாங்க.

போறவங்க கிட்ட கெஞ்சி கேட்டுக்கற விஷயம் ஒண்ணு, பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வேண்டவே வேண்டாம், அங்க தடை இருக்குது, ரோட்டோரம் தண்ணி ஏடிஎம் வெச்சிருக்காங்க, வீட்டுல இருந்து எவர்சில்வர் பாட்டில் எடுத்துட்டு போனா ரொப்பிக்கலாம். நீங்க காட்டுல தூக்கி எறியற கண்ணாடி பாட்டில் ஒடஞ்சு யானை கால்ல ஏறினா அது சாகற வரைக்கும் வேதனைதான். டீத்தோட்டத்துல சாதாரணமா காட்டெருமை மேஞ்சுட்டு நிக்கும், பாக்க நம்ம மாடு மாதிரி சாதுவா தெரியும், கிட்ட போயி செல்ஃபி எடுக்காதீங்க, தூரமா நின்னு பாத்துட்டு வழி விட்டுருங்க. பொழுது எறங்கினப்பறம் கோத்தகிரி குன்னூர் பக்கம் தனியா நடக்காதீங்க, கரடி நடமாட்டம் உண்டு.

குறிஞ்சிப்பூ பத்தி நெறைய பேரு கேக்கறாங்க. 12 வருஷத்துக்கு ஒரு தடவ பூக்கறது, 2006லயும் 2018லயும் பூத்துச்சு, அடுத்தது 2030. அதுக்கு இப்பவே பிளான் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன், அது வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். அது பூக்கறதுக்கு அந்த புல்வெளி இருக்கணும், புல்வெளி இருக்கணும்னா அத பாத்து ஆசைப்பட்ட ஜனங்க நாலு பேராவது கீழ இருக்கணும், அதுக்காகவும்தான் போயி பாருங்கன்னு சொல்றேன். பவானி ஆத்துல சாயத்தண்ணி கலந்தா கொதிச்சு எந்திரிக்கற நாம, மேல சோலைய அழிச்சு ரிசார்ட் கட்டறாங்கன்னா கண்டுக்காம இருக்கோம், ஏன்னா நாம அத பாத்ததே இல்ல.

கடைசியா நம்ம பேப்பருக்கு ஒரு கோரிக்கை. வாராவாரம் வெள்ளிக்கிழமை ஒரு சின்ன கட்டம் போட்டு, மலை ரயில் இந்த வாரம் ஓடுதா நின்னுருக்கா, எந்த ரோட்டுல மண்சரிவு, குன்னூர் வழி ஏறி கோத்தகிரி வழி எறங்கற ஒருவழிப் பாதை நடைமுறையில இருக்குதா, இ-பாஸ் நெலவரம் என்ன, மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு போட்டீங்கன்னா எங்கள மாதிரி பஸ்ல போறவங்களுக்கு ரொம்ப உதவியா இருக்கும். மே மாசத்துக்கு மட்டும் போடாம வருஷம் பூரா போடுங்க, செப்டம்பர்ல இருந்தே ஆரம்பிச்சா காலாண்டு லீவுக்கு கெளம்பறவங்களுக்கு ஆகும்.

இப்படிக்கு,
கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒரு வாசகர்